றாத்தலில் நின்றுவிட்ட தராசு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கற்பிட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவளுக்குக் கட்டார் பயணம். அங்கே மகளுக்கு முதல் பிரசவம்.

"நானா, இந்தப் பெட்டிய ஒருக்கா நிறுத்துத் தாங்க" என்று அண்ணனான என்னிடம் கைத்தராசின் பட்டனை அமர்த்திக் கொடுத்தாள். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் டிஜிட்டல் தராசு. இருப்பது ஒரே பட்டன், தொட்டாலே போதும். ஆனால் என் தங்கச்சி எந்தப் பட்டனையும் அது மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டாள்.

தூக்கினேன். 52.9.

விமானத்தில் அனுமதி முப்பது கிலோ. என்ன செய்வது? மிளகாய்த்தூள் வெளியே வந்தது. பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்கு வந்தது. குழந்தைக்குத் தைத்த உடுப்பில் பாதி வந்தது. எண் இன்னும் முப்பதுக்கு இறங்கவில்லை. மிஞ்சியது சுறாக் கருவாட்டுப் பொதி.

"பால் சுரக்கக் குடுக்கிற சாமான் அது. அத வெச்சிட்டு நான் என்னத்துக்குப் போற?" பெட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

நான் கருவாட்டையும் வெளியே எடுத்து வைத்தேன். 29.8. கணக்குச் சரி... வீடுதான் மையித்து எடுத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது மச்சான் வந்தார். தங்கச்சியின் கணவர், சீமெந்துக் கடை வைத்திருப்பவர். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தன கிலோ?"

"முப்பது."

"எனக்கிட்டயா செல்றீங்க? இதப்போல ரெண்டு சேந்தாலும் ஒரு அம்பது கிலோ சீமெந்து மூட்டை வராது."

கண்ணாடியைப் போட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு அளவில் இரண்டு ஆங்கில எழுத்து. எல், பி.

"தங்கச்சி, இது கிலோ இல்ல. பவுண்ட், நம்மட றாத்தல். அரைக் கிலோவுக்கும் கொறவு."

"பாண் வாங்குற றாத்தலா?" அவள் நம்பவில்லை.

தெருவில் பாட்டோடு, ரொட்டி விற்கும் பாண்காரரின் ஆட்டோ வந்தது. மூன்று றாத்தல் பாண் வாங்கி, பையோடு கொக்கியில் மாட்டினேன். 2.9.

"றாத்தலேதான்" என்றார் மச்சான். "கொறயிற துண்டப் பத்திப் பிறகு கதைப்பம்."

பட்டனை நீளமாக அமர்த்தினேன். எழுத்து கிலோவுக்கு மாறியது. வெளியே எடுத்ததை எல்லாம் திரும்ப அடுக்கி நிறுத்தால்... சரியாக இருபத்து நான்கு.

இப்போதெல்லாம் எல்லாச் சாமானும் இப்படித்தான். தொட்டால் ஒரு வேலை, அமர்த்திப் பிடித்தால் இன்னொரு வேலை. மெஷின் பொய் சொல்வதில்லை. எந்தக் கணக்கில் பேசுகிறது என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வதில்லை.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அப்ப இன்னும் ஆறு கிலோ ஈக்கிது?"

குசினிக்குள் போனாள். இறால் கருவாடு வந்தது. தொதல் இனிப்பு வந்தது. பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பித்தளைச் சட்டியும் உள்ளே போயிருக்கிறது.

கடைசியாகத் தூக்கினேன். 31.6. இந்தத் தடவை கிலோவேதான்.

தங்கச்சி தராசை உற்றுப் பார்த்தாள்.

"நானா... கொஞ்சம் கொறச்சிக் காட்டுற மாதிரி ஒரு பட்டன் இதுல இல்லயா?"