கண்ணுக்கு நல்ல இறால்தலை

தொண்ணூறுகளின் நடுவில், ஆறு வயதான என் இளைய மகள், அந்தியில் மஃரிப் வாங்கு சொல்லும் நேரமானால் வாசற்படியில் தடுக்கி விழத் தொடங்கினாள். மாலைக்கண், விற்றமின் ஏ குறைவு என்றார் டொக்டர். குளிசை தந்தார். கீரை, முட்டை, மீன் கொடுக்கச் சொன்னார்.

நான் சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர். சொன்னதோடு நிற்பேனா? இறாலின் விற்றமின் ஏயில் பெரும்பங்கு அதன் கண்ணில்தான் சேரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். கணவருக்கு மாவடிப்பள்ளியில் வயல். பூச்சிமருந்தடித்த மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் இறால் தானாக வந்து ஒதுங்கும். வலை வேண்டாம், கையாலேயே அள்ளலாம். "அல்லாஹ் தந்த பறக்கத்து" என்று வாளி நிறையக் கொண்டு வருவார். தலைகளை இடித்துப் பிழிந்து, தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சி மகளுக்கு ஊட்டினேன்.

ஒருநாள் நாலைந்து இறாலைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். முன்னால் கையை ஆட்டினால் சட்டென்று பின்னால் பாயும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு ஆட்டினேன். ஒன்றுகூட விலகவில்லை. உயிர் இருந்தது, கால்கள் தண்ணீரைத் துழாவிக்கொண்டுதான் இருந்தன.

"டீச்சர், இதுக்குக் கண் தெரியாதா?" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

போத்தலை மேசைக்கடியில் எடுத்து வைத்தேன். வயல் மருந்து இறாலின் உடம்பில் விற்றமின் ஏயைக் கெடுத்துவிடுமோ? கண்ணில் சேரவிடாதோ? அப்படியென்றால் இத்தனை நாளும் நான் மகளுக்குப் பிழிந்து கொடுத்தது என்ன? வேலியில் போன ஓணானை மடியில் கட்டியவள் நான்தான்.

"என்னகா, ஊரே திங்குது, ஆருக்கு என்ன நடந்த?" என்றார் கணவர். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைய வாளியை வளவில் குழி தோண்டிப் புதைத்தார்.

குளிசையில் மகளின் கண் தெளிந்தது. நான் மட்டும் தினமும் மஃரிபுக்கு விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னேன். அவள் சரியாகச் சொன்னாலும் பயம் போகவில்லை.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வேலியடியில் வந்து நின்றாள். அவளுக்கு ஏழு மாதம். எது சமைத்தாலும் ஒரு கோப்பை அங்கே போவது எங்கள் வழக்கம். என் பிள்ளையையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அவள் ஞாபகம் வரவேயில்லை.

"ராத்தா, இப்ப றால் வாறல்லயா?" வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டாள். "பிள்ளைர கண்ணுக்கு நல்லமெண்டு நீங்கதானே சொன்னீங்க. நான் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமக் குடிச்சன்."