நரியும் ஓட்டோபானும்

“படிப்பு வேற, ஓட்டோபான் வேற, பிள்ளை. அது உனக்கு ஏலாது.”

அப்பா இதைச் சொன்னபோது நான் ஓட்டுநர் உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தெருக்களில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் ஓட்டியிருக்கிறேன். நான் பிரேக் பிடிப்பதற்கு முன்னரே அவருடைய கால் காரின் தரையை அழுத்தும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆஹென் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் முடித்த கையோடு, பாலங்களைப் பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. வேலை முழுக்கக் காரில்தான். ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்கு. ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயந்துகொண்டு அதற்கு ஓம் சொல்ல முடியாது. மாத முடிவுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. என் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.

அவளும் தமிழ்ப்பிள்ளைதான், பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தவள். பள்ளி முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரு பழைய வான் வண்டியில் புதர்க்காடுகளுக்குள் மாதக்கணக்காய்ச் சுற்றியவள்.

“அங்க கங்காரு குறுக்கால பாயும். இங்க லொறிதானே, அது பாவம், நேராத்தான் போகும்,” என்றாள்.

அவளுடைய காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு லூனெபூர்க் ஹைடே என்கிற புதர்வெளிக்குப் புறப்பட்டோம். போகும்போது அவள் ஓட்டுவது, திரும்பும்போது நான் ஓட்டுவது என்று பேச்சு.

ஹைடே ஊதாப் பூவாய்க் கிடந்தது. பகல் முழுக்க மணல் பாதைகளில் நடந்தோம், குளத்தில் நீந்தினோம், சின்ன காஸ் அடுப்பில் மீன் ரின்னை உடைத்துக் குழம்பு வைத்தோம். மாலையில் கூடாரத்துக்குள் நுழையும்போது அவள் சப்பாத்தோடு உள்ளே வந்தாள். ஆஸ்திரேலியாவில் சிலந்திக்குப் பயந்து பழகிய பழக்கமாம். நான் விடவில்லை. படுக்கிற இடத்துக்குள் செருப்பு வருவதா? இருவரின் சப்பாத்துகளையும் வாசலில், எங்கள் வீட்டு வாசலில் வைப்பதுபோலவே, சோடி சோடியாக அடுக்கி வைத்தேன்.

காலையில் வாசல் வெறுமையாக இருந்தது.

பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன் அம்மா கோப்பிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நரியின் வேலையாம். இங்கே எல்லோருக்கும் தெரியுமாம். தெரியாமல் வெளியே சப்பாத்து வைக்கிற புது ஆட்களை அவர் இந்தக் கோடை முழுக்கப் பார்க்கிறாராம். எங்கே தேடவேண்டும் என்றும் காட்டினார். வெறும் மேஸ் காலுறைகளோடு இருவரும் பனிப்புல்லில் நடந்தோம். காட்டோரத்தில் ஒரு ஜூனிப்பர் புதருக்குப் பின்னால் நரியின் கடையே இருந்தது: தோட்டச் செருப்பு, ஒரு குழந்தையின் சிவப்புச் சாண்டில், யாரோ ஒருவரின் தோல் கையுறை, நடுவில் எங்களுடையவை. அவளுடைய இரண்டும் பழுதில்லாமல் கிடந்தன. என்னுடைய வலது சப்பாத்தின் குதிப்பகுதி மட்டும் இல்லை.

“எடியே, உன்ர காலில நரிக்கு என்ன விருப்பமோ தெரியேல்ல,” என்று புல்லிலேயே இருந்து சிரித்தாள் அவள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கிடைத்தவற்றை அள்ளிக்கொண்டுபோய்க் கூடாரம் கூடாரமாகக் கொடுத்தோம். சிவப்புச் சாண்டிலுக்கு உரியவள் எங்களுக்கு ஒரு பிஸ்கட் தந்தாள்.

காரடிக்கு வந்தபோது நான் ஒரு கணம் தயங்கினேன். குதி இல்லாத சப்பாத்தோடு ஓட்டக் கூடாது. நல்ல சாட்டு, தானாகக் கிடைத்திருந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் தன்னுடைய சப்பாத்துகளைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். “ரெண்டு மேஸ் போடு, அளவாய் வரும்,” என்று சொல்லிவிட்டு, காரில் கிடந்த குளியல் செருப்போடு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

ஓட்டோபானில் சேரும் வளைவுக்கு வந்தோம். இடப்பக்கம் லொறிகள் மதில் மாதிரி போய்க்கொண்டிருந்தன.

“கண்ணாடியைப் பார். தோளுக்கு மேலால பார். இப்ப ஆக்சிலரேட்டரை அமத்து,” என்றாள்.

அமத்தினேன். இரண்டு லொறிகளுக்கு நடுவில் ஓர் இடம் திறந்தது, அதற்குள் போய்விட்டேன். முதலில் மூச்சு வந்தது, பிறகு பாட்டும் வந்தது. பிறேமனைத் தாண்டும்போது ஒரு லொறியை முந்தினேன். அவள் அந்த ஓட்டுநருக்குக் கை காட்டினாள், அவரும் காட்டினார். ஒஸ்நாப்ரூக்குக்கு முன்னால் கட்டுமானப் பகுதி வந்து வழி ஒடுங்கியது. ஓரக்கண்ணை அவள் பக்கம் திருப்பினேன். பார்த்தால், நல்ல நித்திரை. என் ஓட்டத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகமும் தந்ததில்லை.

அடுத்த தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். அவளை எழுப்பவில்லை. வெளியே இறங்கி, அவளுடைய பெரிய சப்பாத்துகளோடு மரத்தடியில் நின்று நிறுவனத்துக்குப் போன் எடுத்து, வேலைக்கு வருகிறேன் என்று சொன்னேன். முதலாம் தேதி ஸீகனுக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தடியில் நிற்கச் சொன்னார்கள்.