தொட்டி மூடிக் கதை

“அந்தத் தண்ணித் தொட்டிக்கு வாய் கொஞ்சம் அகலம், ஐயா,” என்று ஆரம்பித்து, ஈயத் தகடு பொதிந்த கனத்த கதவைத் தோளால் தள்ளிச் சாத்துகிறார் ஊசி போடுகிறவர். மேஜையில் படுத்திருப்பவர் திருதிருவென்று விழிக்கிறார். இதயத்தைப் படம் எடுக்க வந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு என்ன வேலை என்று கேட்பதற்குள், அதன் வாயை நூலால் அளந்த கதை வந்துவிடும். அப்புறம் மூடி வாங்கப் போன தெரு, அங்கிருந்த கடைகள், முதல் கடை ஏன் பூட்டியிருந்தது என்பது பற்றிய ஊகங்கள். படுத்திருப்பவருக்கு முதலில் எரிச்சல் வரும். பிறகு எரிச்சலும் அலுத்துப்போய்க் கொட்டாவி வரும். கொட்டாவி முடிந்து உடம்பு துவளுகிற நேரத்தில், கையில் முன்பே குத்தி வைத்த ஊசி வழியாக மருந்து உள்ளே போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே கொட்டாவிதான். தலைமை மருத்துவர்கூட ஞாபகப் பிசகாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு வருத்தமில்லை. தொழில் கொடுத்த பட்டம்.

அவர் செலுத்துவது சிறிதளவு கதிரியக்கம் கலந்த மருந்து. அது கை நரம்பிலிருந்து ஒரே திரளாக இதயத்தின் வலப்பக்கத்துக்குள் பாய்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்விடும். அதற்குள் மார்புக்கு மேலே நிற்கும் காமா கேமரா அதைப் பார்த்துவிட வேண்டும். வலப்பக்கம் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பயந்து மூச்சைப் பிடித்தாலும், சிரித்தாலும், இருமினாலும் மருந்து வழியிலேயே சிதறிவிடும். அன்றைய பாடு வீண், இன்னொரு நாள் வர வேண்டியதுதான். ஆறுதல் சொன்னால் ஜனங்கள் இன்னும் பயப்படுகிறார்கள், வேடிக்கையாகப் பேசினால் குலுங்குகிறார்கள். சலிப்பு ஒன்றே கைகொடுக்கும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அந்த அறைக்கு வெளியே ஆள் வேறு, சிரிக்க வைப்பவர். கேன்டீனில் அவர் எதிரே உட்காருகிறவர்கள் வாயிலிருக்கும் தேநீரை விழுங்கிவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்புவார்கள்.

“இதயத்துல இடது பக்கம் மாப்பிள்ளை மாதிரி. எல்லாரும் அதைத்தான் விசாரிப்பாங்க,” என்பார். “வலது பக்கம் வீட்டுப் பொம்பளை மாதிரி. அது படுத்தாத்தான் அப்படி ஒண்ணு இருந்ததே தெரியும்.”

போன மாதம் அந்த மேஜையில் அவருடைய மனைவியே வந்து படுக்கும்படி ஆயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதய வால்வில் பழுது, அறுவை சிகிச்சைதான் வழி. ஆனால் வலப்பக்கம் தாங்கும் என்று தெரிந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாங்காது என்றால் மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாளைத் தள்ள வேண்டியதுதான்.

“நீங்க வெளிய உக்காருங்க, நான் போடறேன்,” என்றார் தலைமை மருத்துவர்.

“அவரே போடட்டும் டாக்டர்,” என்றார் மனைவி. “வேற யாரு போட்டாலும் ஆயுசுக்கும் குத்தம் சொல்லிட்டே இருப்பாரு.”

மருத்துவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திரைக்கு முன் உட்கார்ந்தார். இவர் கதவைச் சாத்தினார். வேறு கதை தெரியாததால் அதையே எடுத்தார்.

“தொட்டிக்கு வாய் அகலம். அந்தக் கடைக்காரன் அளவு தெரியாதவன். சின்ன மூடியைத் தலையில கட்டிட்டான்.”

“கடைக்காரன் என்ன பண்ணுவான்?” மனைவி கண்ணாடிப் பக்கம் பார்த்து நியாயம் கேட்டார். “அளந்த நூலைப் பையிலயே விட்டுட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டாரு டாக்டர். நூல் சுருங்கிப் போச்சு. அதையே கடைக்கு எடுத்துட்டுப் போனாரு.”

“சட்டையைத் துவைச்சது யாரு?”

“பையைப் பாக்காம போட்டது யாரு?”

சொல்லும்போதே மனைவிக்குச் சிரிப்பு வந்து மார்பு குலுங்கியது. அவர் மருந்திலிருந்து கையை எடுத்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மறுபடி தொட்டியில் ஆரம்பித்தார். மறுபடியும் கடைக்காரனிடம் வந்ததும் மனைவி குலுங்கினார். மூன்றாம் முறை தொட்டியைச் சொல்லவே வாய் வரவில்லை. எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை வெளிப்படையாக நடுங்கியது. அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை.

மனைவி அந்தக் கையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“என்னங்க, நீங்க பேசாம இருங்க. நான் சொல்றேன்.”

மனைவியே கதையை எடுத்தார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தொட்டி, அதன் வாய், தெரு, வெயில். முதல் கடை ஏன் பூட்டியிருந்தது என்பதற்குக் கணவர் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள், அதே வரிசையில். காது கொடுத்துக் கேட்காமல் இப்படி மனப்பாடம் ஆகாது. தன் கதை இவ்வளவு அலுப்பானது என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்கக் கேட்கக் கை நடுக்கம் நின்றது. “கடைக்காரனுக்குச் சொந்தத்துல யாருக்கோ கல்யாணம் இருக்கும்,” என்று மனைவி சொல்லும்போது மருந்தைச் செலுத்தினார்.

திரையில் ஒளித்திரள் சிதறாமல் இறங்கியது. வலப்பக்கத்தில் நிறைந்து, சுருங்கி, விரிந்து, நுரையீரலுக்குள் பரவியது.

“மூச்சு விடுங்க,” என்றார் மனைவி.

யாரும் மூச்சைப் பிடிக்கக் கூடாத அந்த அறையில் அவர் ஒருவர்தான் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மருத்துவர் கணக்குப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். “தாங்கும். நல்லாவே தள்ளுது. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம்.”

அவர் தலையாட்டினார். அழுகை வந்தது. சுருக்கமே இல்லாத விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். மருந்து போட்டவர்கள் சற்று நேரம் தனியாக உட்கார எதிரில் ஓர் அறை உண்டு. மனைவியை அங்கே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த நோயாளி வந்து படுத்தார்.

“அந்தத் தண்ணித் தொட்டிக்கு வாய் கொஞ்சம் அகலம், ஐயா,” என்று ஆரம்பித்தார். கதவை மட்டும் இன்னும் சாத்தவில்லை. “கடைக்காரன்மேல தப்பே இல்ல,” என்று, மேஜையில் இருந்தவருக்குத் தேவையானதைவிட உரக்கச் சொன்னார். “நூல்தான் சுருங்கிப் போச்சு. பையைப் பாக்காம போட்டது நான்தான்.”

அதைச் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கனத்த கதவை ஒரு காலால் தடுத்து நிறுத்தியிருந்தார். பிறகு தோளால் தள்ளிச் சாத்தினார்.