தேன்மொழி எழுதிய தமிழும் நான் அடித்த க்ளீனும்

இல்லை மச்சான், பயமெல்லாம் இல்லை. பழைய ஃபைல்களைத் துடைத்துவிடும் க்ளீன் கமாண்டை அடிப்பதற்கு முன்னால் டீமில் ஒவ்வொருத்தரையும் ஏன் கேட்கிறேன் என்றால்... கற்பூர வாசனை ஞாபகம் வந்துவிடும்.

திருவண்ணாமலையில் என் முதல் ஆபீஸ் ஒரு கற்பூரக் கடைக்கு மேலே இருந்தது. பௌர்ணமி வந்தால் படிக்கட்டு பூரா அட்டைப் பெட்டி. மூக்கு ஜில்லென்று இருக்கும். கீபோர்டுகூட மணக்கும்.

நான் காலேஜைப் பாதியில் விட்டவன். ஆனால் கம்ப்யூட்டர் கோடு வேகமாக எழுதுவேன். அந்தத் திமிர் நிறைய இருந்தது.

தேன்மொழி டிகிரி முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று ஓனர் சொல்லியிருந்தார். சேர்ந்த அன்றைக்கே என்னிடம் கேட்டாள்.

"இந்த பில்ட் ஃபோல்டர் இன்னாங்க?"

"டிகிரி படிச்சிருக்கீங்கல்ல... நெட்ல பாருங்க."

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை.

லாட்ஜுகளுக்கு ரூம் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் எங்களுடையது. திரையில் இருந்த இங்கிலீஷை எல்லாம் தமிழாக்குவது அவள் வேலை. ஒவ்வொரு வார்த்தைக்கும் யோசிப்பாள். வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், பிறகு டைப் அடிப்பாள்.

ஒரு பௌர்ணமி அன்று. மறுநாள் காலை டெமோ. அது நல்லபடியாக முடிந்தால் அவளுக்கு வேலை நிலைக்கும். மதியம் பார்த்தால், எப்போதோ எடுத்துவிட்ட ஒரு பட்டன் திரையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவள் மெஷினில் உட்கார்ந்தேன். க்ளீன் அடித்தேன். பில்ட் ஃபோல்டர் காலி.

அதில் தப்பே கிடையாது. நாம் எழுதும் கோடிலிருந்து மெஷின் தானாக உருவாக்கும் ஃபைல்கள்தான் அந்த ஃபோல்டரில் இருக்கும். அழித்துவிட்டு பில்ட் போட்டால் திரும்ப வந்துவிடும். அதனால் மனுஷன் அதில் கை வைப்பதில்லை.

பில்ட் போட்டேன். பட்டன் போய்விட்டது. விசிலடித்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன். திரை முழுக்க இங்கிலீஷ்.

கழுவிய டிபன் பாக்ஸோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என் தமிழ் எங்கங்க?"

இரண்டு மாதமாக பில்ட் ஃபோல்டருக்குள்ளேயே டைப் அடித்திருக்கிறாள். அது மெஷின் எழுதும் இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

"வேற எங்கியாவது காப்பி?"

"இல்லீங்க." கத்தவில்லை, அழவில்லை. "நான் அன்னிக்கே கேட்டேன்ல..."

டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தாள். பிறகு அவளுக்கே தோன்றியது. போன வாரம் மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு ட்ரையல் போட்டோம். இந்த பில்ட் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போய்த்தான் போட்டோம்.

போன் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் சிக்னல் எங்கே இருக்கும்? கிரிவலப் பாதையில் வண்டியும் விடவில்லை. பாக்கெட்டில் பென் டிரைவோடு இரண்டு பேரும் நடந்தோம். மலையை எதிர்ச்சுற்றாகப் போனால்தான் தூரம் கம்மி, ஆனால் மொத்தக் கூட்டமும் எங்களுக்கு எதிரே.

ஒரு பெரியவர் நிறுத்தினார். "யப்பா, ஊரே இப்படி சுத்துது, நீ மட்டும் எதிர்ல வர்றியே?"

"இவரு எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள் தேன்மொழி. நடக்க ஆரம்பித்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

லாட்ஜ் ரிசப்ஷனில் முனியம்மா அக்கா. முன்னால் பெரிய வரிசை.

"கூட்டம் ஜாஸ்தி, இப்ப கம்ப்யூட்டர தர முடியாதுப்பா. முன்ன இங்கிலீஷ்ல இருந்தப்ப ஒவ்வொரு ஆளுக்கும் மேனேஜரக் கூப்புடுவேன். இப்ப பாரு, 'ரூம் காலி பண்றாங்க'ன்னு போட்டிருக்கு. நானே அமுக்கிடறேன். யாரு எழுதினது, நீயா?"

"இவங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையை நிற்கச் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காரும்மா."

ஒரே ஒரு ஃபைல். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது கூட்டத்தோடு நடந்தோம். ஆபீஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வார்த்தைகளை இருக்க வேண்டிய சோர்ஸ் ஃபைலில் சேர்த்தேன். பில்ட் ஃபோல்டர் என்றால் என்ன என்று சொன்னேன்.

"இவ்ளோதானா? இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

கடைசி ஒரு வாரம் எழுதியது மட்டும் கிடைக்கவில்லை. அதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினாள். மறுநாள் டெமோ முடிந்ததும் அழித்தது நான்தான் என்று ஓனரிடம் சொன்னேன். எனக்குத் திட்டு, அவளுக்கு வேலை. சரியான கணக்கு.

இப்போது எதை அழித்தாலும் எங்கேயோ ஒரு காப்பி இருக்கிறது. யாரும் அடி அண்ணாமலை வரைக்கும் நடக்க வேண்டாம். நல்லதுதான். ஆனால் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதும் இல்லை மச்சான்... கேட்டால் லிங்க் அனுப்புகிறார்கள்.

இரு. இன்றைக்குச் சேர்ந்த பெண்ணிடமிருந்து மெசேஜ்.

"சார், இந்த பில்ட் ஃபோல்டர் என்னது?"

நான் போகணும்.