மூணு காம்புச் செவலை

சின்னராஜ் மாமா காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். மனிதர்களைவிடத் தன் மாடு செவலையோடுதான் அதிகம் பேசுவார். அது எதிர்த்துப் பேசாது. நான் தொழுவத்துக்குப் பின்னால் நின்று "ம்மா..." என்று கத்தினால், சோற்றுக் கையோடு ஓடி வருவார். அப்புறம் நான் ஓடுவேன்.

பால் சொசைட்டியில் அவருக்கு ஒரே குறை. அளவு தேறும், கொழுப்பு தேறாது. அங்கே பால் ஊற்ற வரும் முனியம்மாள் அக்கா விடமாட்டார்.

"ஏங்க மாமா, கறந்தீங்களா, கொழாய்ல புடிச்சீங்களா?"

அந்த ரோஷத்தில் தர்மபுரிக்குப் போய், பாலில் கொழுப்பு ஏற்றும் தீவன மாவு வாங்கி வந்தார். கறப்பதற்கு முன்னால் தவிட்டில் பிசைந்து ஊட்டுவார். கொழுப்பு கொஞ்சம் ஏறியது. மாமாவின் மீசை நிறையவே ஏறியது.

ஒரு காலையில் பாலில் வெள்ளைவெள்ளையாகத் திரி மிதந்தது.

"பாத்தியாடா! வெண்ணெயாவே எறங்குது!"

வடிகட்டிய துணியோடு முனியம்மாள் அக்காவிடம் காட்டப் போனார். அக்கா சிரிக்கவில்லை.

"இது வெண்ணெ இல்லீங்க மாமா. மடி நோவு. டாக்டரக் கூப்புடுங்க."

மடியின் ஒரு பக்கம் கல்லாக வீங்கிச் சுட்டது. தொட்டதும் செவலை உதைத்தது. அவரை அது உதைத்து நான் பார்த்ததே இல்லை.

மாட்டு வியாபாரி மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "மடி போச்சுன்னா அடிமாட்டு வெலதாங்க."

மாமா மாவு மூட்டையைக் குப்பைக் குழிக்குத் தூக்கினார். மாட்டு டாக்டர் மலர்விழி தடுத்தார்.

"மாவு என்னங்க பண்ணுச்சு? கறந்ததும் காம்போட தொளை மூட நேரமாகும். முன்னாடியே தின்னு முடிச்சுட்டதால மாடு ஒடனே சாணியில படுத்துக்குது, கிருமி ஏறிடுது. கறந்த பொறவு வைங்க. தின்னுக்கிட்டே நிக்கும்."

ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார். கெட்ட பாலை மாமா கறந்து கறந்து குழியில் ஊற்றினார். "நானே உன்னக் கெடுத்துட்டனே கண்ணு" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் நான் தொழுவத்துக்குப் பின்னால் போகவில்லை. தொண்டை சரியில்லை.

செவலை பிழைத்தது. ஒரு காம்பு மட்டும் வற்றிப்போனது. அதன் பிறகு தினமும் கறந்து முடித்துத்தான் தீவனம். அது தின்னும்வரை மாமா பக்கத்திலேயே நின்று ஊர்க்கதை சொல்வார். பாதிக் கதை என்னைத் திட்டுவதாக இருக்கும். இப்போது அந்த இடம் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

போன வருஷம் மகன் அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டான். வியாபாரி மறுபடி வந்து நின்றான். மாமா அவனைத் தாண்டிப் போய், கயிற்றை என் அம்மா கையில் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி, "கறந்த பொறவு வையிம்மா!" என்று கத்தினார்.

சாயங்காலமானால் போன் வரும். "செவலைகிட்டக் குடுடா."

காதோரம் பிடிப்பேன். "செவலே..." என்பார். அது தின்றுகொண்டே காதை மட்டும் ஆட்டும். காது ஆடுவது ஓசூரில் கேட்காதே? அதனால் நானே "ம்மா..." என்பேன்.



"டேய், அவ இவ்ளோ கேவலமாக் கத்தமாட்டா," என்பார் மாமா. "சரி, இன்னொருக்கா கத்து."