மாமனார் கழற்றிய குமிழ்

மூலக்குளத்து வீட்டின் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் கிடக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். பிரான்சில் நாங்கள் இருந்த வீட்டில், சுவரோரத்து ஹீட்டரைத் திருகும் குமிழ் அது.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டையே முகாமாக்கினார். குளிர்காலத்தில் தினமும் காலையில் எல்லா ஹீட்டரையும் அணைத்து, குமிழ்களைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். எரிவாயு மிச்சமாம். "பனியில நின்னு காவல் காத்தவன் நானு. வூட்டுக்குள்ள குந்தினு இருக்கிறவளுக்கு இன்னா குளிரு?" என்பார். முதலியார்பேட்டை வெயிலில் வளர்ந்த என் அத்தை, அந்த மகானுக்கு வாழ்க்கைப்பட்டவர், புடவைமேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, சில்லிட்ட ஹீட்டரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பழக்கமா பூட்சும்மா" என்பார்.

விருந்தாளி வந்தால் மட்டும் குமிழ்கள் வெளியே வரும். மாமனாருக்கு ஊர் வாய்க்குப் பயம். வீடு வெதுவெதுப்பாகும், அத்தையின் முகம் தெளியும். வந்தவர்கள் எழுந்தால் அத்தை கையைப் பிடித்துக்கொள்வார். "இன்னும் செத்த இருந்துட்டுப் போங்களேன்." பாசம் என்று அவர்கள் நெகிழ்வார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் கோட்டிலிருந்து விழுந்த குமிழ் ஒன்று சோபா அடியில் கிடைத்தது. அதன்பின் அவர் வெளியே போனதும், என் அறை ஹீட்டரில் மட்டும் மாட்டிக் கதவைச் சாத்திக்கொள்வேன். அத்தையைக் கூப்பிடவில்லை. வாயை விட்டு என்னை மாட்டிவிடுவார் என்று பயம். ஒரு மாலை கதவைத் திறந்தால், அத்தை கதவிடுக்கில் கசியும் சூட்டுக்குப் பாதங்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே நெஞ்சுச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். பழியை மாமனார்மேல் போடுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஊர் திரும்பிவிட்ட பிறகு, இப்போது அவர் என் பொறுப்பில். எலும்பும் தோலுமான உடம்புக்கு மார்கழிக் காற்றே தாங்கவில்லை. கட்டிலருகே என் கணவர் வாங்கிவைத்த சின்ன ஹீட்டர் இருக்கிறது. நெல்லித்தோப்பிலிருந்து மாமனாரின் தங்கை வந்தால் போடுவேன். போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். "கரண்டு மிச்சம் மாமா."

நேற்றும் அந்தத் தங்கை வந்திருந்தார். புறப்பட எழுந்தபோது மாமனார் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் செத்த இருந்துட்டுப் போயேம்மா." அண்ணனுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிறகு கரண்டிக்காக இழுப்பறையைத் திறந்தேன். குமிழ் விரலில் பட்டது. சில்லென்று இருந்தது.