மச்சானுக்குக் காட்ட ஒரு மண்ணீரல் பாண்

என் மனைவியின் அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறான். அவன் அங்கே இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கேயே இருந்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

மாதம் ஒரு தடவையாவது வட்ஸ்அப்பில் படம் அனுப்புவான். யூதர்களின் பழைய சாப்பாட்டுக் கடையில் வாங்கிய சான்ட்விச். இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவே புகைபோட்ட மாட்டிறைச்சி, தலையணை உயரத்துக்கு. பின்னாலேயே அதைக் கடிக்க அவன் வாய் திறக்கிற படமும் வரும். பல் வைத்தியருக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்புகிறானோ என்று நினைப்பேன். கீழே ஒரு வரி: "உங்கடை இத்தாலியிலை இப்பிடி ஒண்டு இருக்கோ மச்சான்?"

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய், நான் பராமரிக்கிற வயதான இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, சொன்ன கதையை எடுத்துவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மருந்து குடிக்க மறுப்பார், பாடம் நடத்த மறுக்க மாட்டார். ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருக்கிற இதே பலெர்மோவில் யூதக் கசாப்புக்காரர்கள் இருந்தார்களாம். மிருகம் அறுக்கக் காசு வாங்குவது அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. கூலியாகக் கிடைத்த மண்ணீரலையும் சுவாசப்பையையும் அவித்து, பாணுக்குள் வைத்து விற்றார்கள். பிறகு அரசன் அவர்களைத் துரத்திவிட்டான். ஆட்கள் போனார்கள், பாண் இங்கேயே தங்கிவிட்டது. துரத்தினவர்கள் அதைப் பன்றிக் கொழுப்பிலே போட்டெடுத்து, தங்கள் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் தின்கிறார்கள். வெட்கம் என்பது பசிக்குப் பிறகுதான் போலிருக்கிறது.

"உன்ரை கடை நேற்றுப் பிறந்தது மச்சான். இஞ்சை ஐந்நூறு வருசமா யூதற்றை பாண் இருக்கு" என்றேன்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. "ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் போறனான். என்னைக் கண்டால் கடைக்காரன் கேளாமலே எடுத்துத் தருவான்."

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு லீவு என்பது உண்மை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்வேன் என்பதும் உண்மை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பாணை நான் தொட்டதே இல்லை. வந்த புதிதில் பல்லரோ சந்தையில் ஒருமுறை பார்த்தேன். சரிந்த பெரிய சட்டி, உருகிய கொழுப்பு, அதற்குள் நனைந்த செருப்பின் அடிப்பாகத்தைச் சீவிப் போட்டதுபோல ஏதோ மிதந்தது. வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் தின்றேன்.

இந்த வருடம் அவன் போன் எடுத்து, இங்கே வருவதாகச் சொன்னான். பாண் தின்ன அல்ல. பள்ளிக்கூடம் முடித்திருந்த என் மகளைத் தன்னோடு கூட்டிப்போக.

"பிள்ளையை என்னட்டை விடு. அங்கை என்ன கிடக்கு? நீ கிழவிக்குச் சட்டை மாத்துறாய். தங்கச்சி ஆற்றையோ சன்னல் துடைக்கிறாள். அவளும் அதைத்தான் செய்யப்போறாளோ?"

போனின் சத்தம் அடுப்படி வரை கேட்டது. மனைவியைப் பார்த்தேன். "அண்ணை சொல்றதிலை பிழை இல்லையப்பா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டினாள். கண்ணீர் வெங்காயத்தால் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

"முதல் வேலையா உன்ரை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் போனை வைத்தான்.

புத்தியுள்ள தகப்பன் மகளைக் கூப்பிட்டு, "உனக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டிருப்பான். ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நான் அதைக் கேட்கவில்லை. சான்ட்விச் தேடிப் புறப்பட்டேன். பலெர்மோவில் ஒன்றுமில்லை என்று அவன் சொன்னால், இதோ இருக்கிறது என்று அவன் வாயிலேயே திணிக்கலாம். மகள் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டு எங்களோடு இருந்துவிடுவாள். ஐம்பத்தொரு வயது மூளை போட்ட திட்டம் இது.

கபோ சந்தையில் மண்ணீரல் பாண் விற்கிற ஒரு கடையைத் தெரிந்தெடுத்தேன். நாலு நாளில் நான் பழைய வாடிக்கையாளன் ஆக வேண்டும். சிஞ்ஞோராவின் நாயை உலாத்தக் கூட்டிப்போகிற சாட்டில் தினமும் போனேன். கடைக்காரன் தடித்த மீசை வைத்தவன், நிமிர்ந்து பார்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவன். மண்ணீரலை முள்ளுக்கரண்டியால் குத்தி எடுத்து, கொழுப்பைப் பிழிந்து, எள்ளுப் போட்ட வட்டப் பாணுக்குள் அடைத்து, எலுமிச்சம்புளி விட்டுத் தந்தான். மூச்சைப் பிடித்தபடி அதை வாங்கினேன். மூலையில் மரக்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நாய்க்குப் போட்டேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு விழுங்கில் முடித்தது.

நாலாம் நாள் கடைக்காரன் தாடையை ஒரு அங்குலம் அசைத்தான். வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழன் வந்தது. மச்சான் முதல்நாளே வந்திறங்கியிருந்தான். மனைவி நண்டுக்கறி வைக்க வீட்டில் நின்றுவிட்டாள். மச்சானும் மகளும் நானும் வியா மக்வேதா என்ற பெருந்தெருவால் நடந்தோம். மச்சான் தொப்பி போட்டு, தண்ணீர்ப் போத்தலைத் துவக்குப்போலப் பிடித்திருந்தான்.

"இதென்ன கட்டடம், கறுத்துப் போய்? இன்னும் இடிக்கேல்லையோ?"

"அரண்மனை மச்சான்."

"எங்கடை பக்கம் கார் தரிப்பிடமே இதைவிடத் துப்புரவு."

மகள் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மீசைக்காரன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். இத்தாலிய மொழியில், தெரு முழுக்கக் கேட்க, "என்ன, இன்றைக்கு நாய் வரவில்லையா? இந்த நாலு நாளும் நீ வாங்கினதெல்லாம் அதுதானே தின்றது!" என்றான்.

மச்சானுக்கு இத்தாலியன் தெரியாது. மகளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த மொழி வேறில்லை.

"என்னவாம் சொல்றான்?" என்று மச்சான் கேட்டான். என்னையல்ல, அவளை.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு முழுச் செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் பார்த்ததுபோல இருந்தது.

"அப்பா வராட்டி கடையே வெறிச்சுப் போயிடுமாம், மாமா. வீட்டிலை சாப்பிட ஆக்கள் இருந்தால் அவையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

பிறகு கடைக்காரனிடம் திரும்பி, எனக்கே பாதி விளங்காத சிசிலியன் பேச்சில் ஏதோ சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்து, "வழமையானதுதானே?" என்று கேட்டுக்கொண்டே அவளுடைய பாணில் பாலாடைக்கட்டியை அள்ளிப் போட்டான். படிக்கிற கடைசி மூன்று வருடமும் சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதிகளோடு இங்கேதான் சாப்பிட்டாளாம்.

"உன்னையும் தெரியுமோ பிள்ளை?"

"குடும்பக் கடை, மாமா."

மச்சான் கடித்தான். மென்றான். கண்ணை மூடினான். "உப்புக் காணாது" என்றான். மூன்று பாண் தின்றான். கொழுப்பு முழங்கையால் வழிய வழிய, உப்புக் காணாது என்பதை மூன்று முறையும் சொன்னான். தோற்றவன் இப்படித் தின்னக்கூடாது.

பிறகு வாயைத் துடைத்தான். "சரி, பாண் திறம். பாணுக்காக ஒருத்தரும் ஒரு இடத்திலை கிடக்கிறேல்லை. பிள்ளை, எப்ப வாறாய்?"

என் கையிலிருந்த எலுமிச்சம் பாதி பிதுங்கி, சாறு என் சப்பாத்தில் விழுந்தது.

"போன மாதமே இஞ்சை யூனிவர்சிற்றியிலை சட்டத்துக்குப் பதிஞ்சிட்டன், மாமா."

"இத்தாலிச் சட்டத்தைப் படிச்சு என்ன செய்யிறது?"

"இவையின்ரை பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்கேக்கை எல்லாம், எட்டு வயசிலையிருந்து குவெஸ்தூராவிலை பொலிசோடை கதைச்சது நான்தானே. இனிப் படிச்சுப்போட்டுக் கதைக்கிறன். உங்கடை அந்தச் சான்ட்விச் கடையைப் பாக்க இரண்டு கிழமைக்கு வாறன். இருக்க இல்லை."

மச்சான் என் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமோ?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றாள் அவள், எனக்காகப் பதில் சொல்லி.

நாலு நாள் நடை, ஒரு சந்தை, ஒரு வியாழக்கிழமைப் பொய், எல்லாம் ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய விசயம். அதைக் கேட்கத் துணிவில்லாத ஒருவனுக்கு எந்த வாய் இருந்தும் என்ன.

"அப்பா, உங்கடை பாண் ஆறுது."

அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. கண்ணில்தான் அந்த நாய் நின்றது. தப்ப வழியில்லை. மரக்கறிப் பெட்டிகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடித்தேன்.

முதலில் புளி, பிறகு உப்பு, அதற்குப் பிறகு ஈரலை விட மிருதுவாக ஏதோ ஒன்று நாக்கில் கரைந்து போனது. எள்ளு பல்லில் நொறுங்கியது. இன்னொரு கடி கடித்தேன். ஒருவரையும் பார்க்காமல் மீதியையும் முடித்தேன்.

"எப்பிடி?" என்றாள்.

"உப்புக் காணாது" என்றேன்.

இப்போது வியாழன் பின்னேரங்களில் நானும் அவளும் போகிறோம். மீசைக்காரன் இன்றைக்கும் என்னிடம் நாயின் சுகத்தைத்தான் முதலில் விசாரிக்கிறான். விசாரிக்கட்டும். அந்த நாலு நாளும் நாய், நான் என்ற இருவரில் புத்தியோடு நடந்தது அதுதான்.